சென்னையை ஒட்டிய சிறுநகரம் ஒன்றில் குடியேற: ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

வேலை சென்னையில் இருக்கட்டும், வீடு வெளியூரில் இருக்கட்டும் என்று முடிவெடுக்கும் குடும்பங்களில் பல, தேடலை மனை விளம்பரத்திலிருந்தே தொடங்குகின்றன. சதுர அடி விலை கட்டுப்படியாகிறது, ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள், மாலைக்குள் முன்பணம் கைமாறிவிடுகிறது. ஊரைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. முதலில் ஊர், அடுத்து தெரு, அதன் பிறகு வாடகை வீடு, கடைசியில்தான் மனை.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் கேட்பது, சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: சென்னைக்குப் போகும் வழி ஒரு வாரம் அடைபட்டாலும் அந்த ஊரில் வாழ்க்கை நடக்குமா? காய்கறி, மருந்து, பள்ளி, பிரசவம், வங்கி, பத்திரப் பதிவு ஆகிய அனைத்தும் ஊருக்குள்ளேயே கிடைத்தால், வேலைக்குப் போகிறவர் ஒருவர் மட்டும் பயணம் செய்தால் போதும். கிடைக்காவிட்டால் முழுக் குடும்பமும் பயணத்திலேயே வாழ வேண்டியிருக்கும்.

முதற்படி: ஊரையும் புறநகரையும் பிரித்தறிதல்

ஆவடி, தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகியவை இன்று சென்னையின் நீட்சிகள். நெரிசல், வாடகை, நிலத்தடி நீரின் நிலை என அனைத்தும் நகரத்தின் போக்கிலேயே போகின்றன. தாம்பரம் 2021ஆம் ஆண்டிலேயே மாநகராட்சியாகிவிட்டது. இவற்றில் குடியேறுவது தவறில்லை. ஆனால் அது சிறுநகர வாழ்க்கை ஆகாது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம், மதுராந்தகம், பொன்னேரி, திருக்கழுக்குன்றம், உத்திரமேரூர், வாலாஜாபாத் ஆகியவை வேறு வகை. சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சந்தையாகவும், தாலுகா அலுவலகமாகவும், நீதிமன்றமாகவும், கோயில் திருவிழாவாகவும் நெடுங்காலமாக இயங்கி வரும் ஊர்கள் இவை. இவற்றின் கடைத்தெருக்கள் சென்னை ஊழியர்களின் சம்பளத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. காஞ்சிபுரத்துக்குப் பட்டு நெசவும் கோயில்களும் இருக்கின்றன. அரக்கோணத்துக்கு ரயில்வேயும் ராஜாளி கடற்படை விமானத் தளமும் இருக்கின்றன. 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகரான பிறகு செங்கல்பட்டுக்கு ஆட்சியர் அலுவலகமும் வந்து சேர்ந்தது.

பிரித்தறிய எளிய வழி, வார நாள் ஒன்றில் காலை பதினோரு மணிக்கு அந்த ஊரின் கடைவீதியில் நடந்து பார்ப்பதுதான். அலுவலகம் போகிறவர்கள் எல்லாம் போய்விட்ட அந்த நேரத்திலும் தெரு இயங்கிக்கொண்டிருந்தால், பேருந்து நிலையத்தில் கிராமத்து மக்கள் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தால், அது தனக்கென உயிருள்ள ஊர். இரண்டு அல்லது மூன்று ஊர்களை இவ்வாறு தேர்ந்து, மற்றவற்றை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாம் படி: பணியிடத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தல்

சென்னை ஒரே இடத்தில் இல்லை. அண்ணா சாலையில் வேலை செய்பவருக்கும் சிறுசேரியில் வேலை செய்பவருக்கும் ஏற்ற ஊர்கள் முற்றிலும் வேறு. புறநகர் மின்சார ரயில்கள் மூன்று திசைகளில் செல்கின்றன: தெற்கே கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை, மேற்கே சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் வரை, வடக்கே பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை வரை. செங்கல்பட்டையும் அரக்கோணத்தையும் காஞ்சிபுரம் வழியாக இணைக்கும் ஒற்றைத் தடம் ஒன்றும் உண்டு. அதில் வண்டிகள் குறைவு என்பதால், காஞ்சிபுரத்திலிருந்து நாள்தோறும் சென்னை சென்று வருகிறவர்கள் பெரும்பாலும் பேருந்தையே நம்புகிறார்கள்.

எழும்பூர், தியாகராய நகர், கிண்டி வட்டாரத்தில் பணிபுரிவோருக்குச் செங்கல்பட்டு பொருத்தமானது. மின்சார ரயில் செங்கல்பட்டிலிருந்தே புறப்படுவதால் காலையில் உட்கார இடம் கிடைக்கிறது. கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அதற்கும் தெற்கே மதுராந்தகத்தில் வாழ்க்கை அமைதியானது, ஏரிப் பாசனத்தால் செழிப்பானது. ஆனால் செங்கல்பட்டைத் தாண்டியவுடன் மின்சார ரயில்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடுவதால், நாள்தோறும் அலுவலகம் செல்பவருக்கு மதுராந்தகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் சென்று, மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே பணி செய்பவருக்கு அதைவிட நல்ல ஊர் இந்தப் பக்கத்தில் இல்லை என்றே சொல்வேன்.

அம்பத்தூர், ஆவடி தொழிற்பேட்டைகளில் வேலை என்றால் திருவள்ளூர். பாரிமுனை, சென்ட்ரல் வட்டாரத்தில் வேலை என்றால் திருவள்ளூர் அல்லது அரக்கோணம். அரக்கோணம் சந்திப்பு நிலையம் என்பதால், மின்சார ரயிலோடு சென்னைக்குப் போகும் விரைவு வண்டிகளும் கிடைக்கின்றன. வடக்குத் தடத்தில் அத்திப்பட்டுக்கு அப்பால் புறநகர் வண்டிகளும் நெடுந்தூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பொன்னேரியில் குடியேற நினைப்பவர் தாமதங்களுக்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருக்கு வாலாஜாபாத்தும் காஞ்சிபுரமும் இயல்பான தேர்வுகள். திருப்பெரும்புதூரிலேயே குடியேறலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே ரயில் நிலையம் இல்லை, தொழிலாளர்களுக்கான அறைகளின் தேவையால் வாடகையும் அதிகம். சிறுசேரி, கேளம்பாக்கம் பகுதிகளில் வேலை என்றால் ரயில் தடங்கள் எதுவும் நேரடியாக உதவாது. அப்படிப்பட்டவர்கள் திருப்போரூரையும் திருக்கழுக்குன்றத்தையும் சாலை வழியாக அளந்து பார்க்க வேண்டும்.

கணவன் மனைவி இருவரும் வெவ்வேறு திசைகளில் வேலை செய்தால், இருவரில் எவர் பயணம் கடினமோ அவருடைய தடத்தில் ஊரைத் தேடுவதே நியாயம். வீட்டு வேலையையும் சேர்த்துச் சுமப்பவர் பெரும்பாலும் மனைவியாக இருப்பதால், இந்தக் கணக்கில் அவர் சொல்லுக்கு அதிக எடை தர வேண்டும்.

மூன்றாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை நேரத்தை அளத்தல்

செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். திருவள்ளூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஒன்றேகால் மணி நேரம் அளவில் ஆகும். இவை ரயிலுக்குள் கழியும் நேரம் மட்டுமே. வீட்டிலிருந்து நிலையத்திற்கு, நடைமேடையில் காத்திருப்பு, இறங்கிய பின் மெட்ரோ அல்லது பேருந்து, அங்கிருந்து அலுவலகம் என்று கூட்டினால் ஒவ்வொரு வழிக்கும் அரை மணி நேரமாவது சேரும். ஒரு வழிப் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், நாள்தோறும் செல்பவர் அந்த ஊரைக் கைவிடுவது நல்லது. முதல் சில மாதங்கள் தாக்குப்பிடித்துவிடலாம். அதன் பிறகு பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டில் இல்லாத பெற்றோராக ஆகிவிடுவோம்.

இதை வரைபடச் செயலியில் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. திங்கட்கிழமை காலை நீங்கள் பார்க்கவிருக்கும் வீட்டின் தெருவிலிருந்து கிளம்பி, அலுவலகம் வரை சென்று, மாலை அதே வழியில் திரும்பிப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையிலும் ஒரு முறை செல்ல வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் பண்டிகைக்கு முந்தைய மாலைகளில் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை வாகனங்கள் எப்படி நிற்கும் என்பது இந்தப் பகுதியில் பயணம் செய்த எவருக்கும் தெரியும். வெளியூர்ப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திற்கு மாறியதால், தெற்கிலிருந்து பேருந்தில் வருபவர் கிளாம்பாக்கத்தில் இறங்கி மாற வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இரவின் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும், அது போய்விட்டால் என்ன வழி என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நிலையத்திலிருந்து வீடு வரை இரவு பத்து மணிக்கு மேல் ஆட்டோ கிடைக்குமா, தெருவிளக்கு எரியுமா, ஒரு பெண் தனியாக நடந்து வரக்கூடிய வழியா என்பவற்றை இரவில் போய்ப் பார்த்தால்தான் அறிய முடியும்.

செலவுக் கணக்கு இதைவிட எளிது. சென்னையில் இப்போது தரும் வாடகையிலிருந்து சிறுநகர வாடகையைக் கழித்து, மிச்சத்திலிருந்து சீசன் டிக்கெட், நிலையத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம், ஆட்டோ, சுங்கம், பெட்ரோல் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். சீசன் டிக்கெட்டின் தயவால் ரயிலில் செல்பவருக்குக் கணிசமாக மிஞ்சும். காரில் செல்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

நான்காம் படி: தண்ணீரை இரண்டு பருவங்களில் பார்த்தல்

இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களை உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் நாடு. ஒரு ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியாக உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. இந்த ஏரித்தொடரின் நடுவில், வாய்க்கால்களைத் தூர்த்து மனைபோட்ட இடங்களில்தான் இன்று மழைக்காலத்தில் படகு விடுகிறார்கள். 2015 டிசம்பரில் அடையாற்றுப் படுகையிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நினைவில் வைத்திருப்பவர்கள், ஓர் ஊரை ஏப்ரல் மாதத்தில் பார்த்து முடிவெடுக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் பார்வை நவம்பரில் அமைய வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிப்பதால், அந்த மாதங்களில் இரண்டு நாள் தொடர்ந்து பெய்த மழைக்கு மறுநாள் ஊரைப் போய்ப் பாருங்கள். வீட்டுச் சுவர்களில் பழைய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, வீட்டுத் தளங்களைச் சாலையைவிட எவ்வளவு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பக்கத்து ஏரியின் பெயரையும், அதன் கலங்கல் எந்தப் பக்கம் என்பதையும், உபரி நீர் எவ்வழியே செல்லும் என்பதையும் ஊரிலுள்ள வயதான விவசாயி ஒருவரிடம் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பொன்னேரிப் பக்கம் என்றால் ஆரணியாறு, பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கிழக்கே என்றால் கொசஸ்தலை ஆறு, செங்கல்பட்டு என்றால் கொளவாய் ஏரியும் பாலாறும் என்று நீர்வழியை அடையாளம் கண்டு, அதற்கும் வீட்டிற்கும் உள்ள தூரத்தையும் மேடுபள்ளத்தையும் பார்த்தாக வேண்டும்.

இரண்டாம் பார்வை மே மாதத்தில் அமைய வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் நகரத்திற்குப் போனது. பெருநகருக்கு அருகில் இருக்கும் ஊர் அதன் தாகத்தையும் பங்கிட்டுக்கொள்கிறது என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தெருவில் போர்வெல் எத்தனை அடி, கோடையில் எத்தனை அடி இறங்குகிறது, உள்ளாட்சிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் உண்டா என்று குறைந்தது மூன்று வீடுகளிலாவது விசாரியுங்கள். அவர்களில் ஒருவராவது வாடகைக்குக் குடியிருப்பவராக இருக்கட்டும். சொந்த வீட்டுக்காரர் ஊரை விட்டுக்கொடுக்கத் தயங்குவார்.

நீரின் தரம் தனிக் கதை. மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகியிருப்பது ஆய்வாளர்கள் நன்கு பதிவுசெய்த செய்தி. ஒரே ஊரில் மேற்குத் தெருவில் நல்ல நீரும் கிழக்குத் தெருவில் உவர் நீரும் இருக்கலாம். ஒரு பாட்டிலில் நீரை எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அளவு அதற்கு மேல் இருந்தால் குடிநீர் மட்டுமல்லாமல் குழாய், பாத்திரம், தலைமுடி எல்லாவற்றிலும் அதன் விளைவு தெரியும். அந்தத் தெருவை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: நோயும் படிப்பும்

வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால், இரவு இரண்டு மணிக்கு எங்கே போவோம் என்ற கேள்விக்கு விடையுள்ள ஊரையே தேர்ந்தெடுக்க வேண்டும். 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, ஜி.எஸ்.டி. சாலை விபத்துகளின் பெரும் சுமையைத் தாங்கிவரும் இடம். மருத்துவ வசதியில் செங்கல்பட்டுக்குத் தனி மதிப்பு அதனால்தான். திருவள்ளூரிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு மருத்துவமனையும், காரப்பேட்டையில் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. திருக்கழுக்குன்றம், உத்திரமேரூர் போன்ற பேரூராட்சிகளில் அரசு மருத்துவமனை இருந்தாலும், சிக்கலான நோய்க்குச் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ ஓட வேண்டியிருக்கும். டயாலிசிஸ், இதயச் சிகிச்சை போன்றவை தொடர்ந்து தேவைப்படுபவர்கள் பேரூராட்சிகளைத் தவிர்ப்பது நல்லது.

பள்ளியைப் பொறுத்தவரை, கட்டடத்தைப் பார்க்காமல் மேல்நிலை வகுப்பில் எந்தெந்தப் பாடப்பிரிவுகள் உள்ளன, அறிவியல் ஆசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிறார்களா என்று கேளுங்கள். பிள்ளை இன்று இரண்டாம் வகுப்பில் இருந்தாலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்த ஊரிலேயே படிக்க முடியுமா என்பதுதான் அளவுகோல். இல்லாவிட்டால் நீங்கள் தவிர்க்க நினைத்த பயணத்தைப் பதினைந்து வயதில் பிள்ளை செய்யத் தொடங்கும்.

ஆறாம் படி: தெருவைத் தேர்ந்தெடுத்தல்

பாதாளச் சாக்கடை உண்டா, இல்லையென்றால் கழிவுநீர்த் தொட்டிக்கும் போர்வெல்லுக்கும் எவ்வளவு இடைவெளி, குப்பை எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது, ஊரின் குப்பைக் கிடங்கு காற்று வீசும் எந்தத் திசையில் இருக்கிறது, மின்தடை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, கண்ணாடியிழை இணைய இணைப்பு தெருவுக்கு வந்துவிட்டதா என்பவற்றை ஒரே நாளில் விசாரித்துவிடலாம். பழைய ஊருக்குள் அமைந்த தெருவுக்கும், ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் தள்ளிய புதிய நகருக்கும் இடையில் முடிவெடுக்க நேர்ந்தால், வீடு சிறியதானாலும் ஊருக்குள் இருப்பதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சிறுநகரத்தில் குடியேறுவதன் பயனே நடந்துபோகும் தூரத்தில் எல்லாம் கிடைப்பதுதான். புதிய நகரில் பால் பாக்கெட்டுக்கும் வண்டியை எடுக்க வேண்டும்.

இங்கே வருத்தத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில தெருக்களில் வாடகைக்கு வருபவரின் சாதியையும் மதத்தையும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் கேட்காமல் விட்டாலும் வேறொருவரிடம் கேட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டை ஏற்காமல் அடுத்த தெருவைப் பாருங்கள். எல்லோரும் குடியிருக்கும் தெருக்கள் இந்த ஊர்கள் அனைத்திலும் உண்டு.

ஏழாம் படி: ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஒரு கல்வியாண்டும் கடந்த பிறகுதான் ஊர் நமக்கு ஒத்துவருமா என்று தெரியும். சொந்த வீடு வாங்கிவிட்டால் அந்த அறிவு வந்தும் பயனில்லை. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொண்டு, 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். ஓராண்டின் முடிவில் குடும்பத்திலுள்ள ஒவ்வொருவரிடமும், குறிப்பாகப் பகல் முழுவதும் ஊரிலேயே இருப்பவரிடமும் பிள்ளைகளிடமும், தொடரலாமா என்று கேட்க வேண்டும்.

எட்டாம் படி: மனை அல்லது வீடு வாங்குதல்

இங்கே அவசரம் காட்டியவர்கள் இழந்தது வாழ்நாள் சேமிப்பை. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கப்படும் மனைகளை உடனே நிராகரியுங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கோ நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கோ உரியது. ஒப்புதல் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு திட்டம் கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பழைய மனை என்றால் வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்குங்கள். புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டது என்றால், கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் நீங்களே சரிபார்க்க வேண்டும்.

அடுத்து பட்டா-சிட்டா, நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடான அ-பதிவேடு, நில அளவை வரைபடம் ஆகியவற்றை இணையவழிச் சேவையில் எடுத்து, சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பலர் பெயரில் உள்ள கூட்டுப்பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா தந்த பிறகே கிரயம் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்து, மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி அறுபடாமல் வருகிறதா என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்து பெறுங்கள். அந்த வழக்கறிஞரை விற்பவர் அறிமுகப்படுத்தியிருக்கக் கூடாது.

மூன்று வகை நிலங்களில் தனிக் கவனம் தேவை. முதலாவது, ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு. அ-பதிவேட்டில் இது தெரிந்துவிடும். இரண்டாவது, கோயில் நிலம். காஞ்சிபுரம், திருக்கழுக்குன்றம் போன்ற கோயில் ஊர்களில் இதன் பரப்பு பெரிது. மூன்றாவது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு வழங்கிய நிலம் அது. பட்டியல் சாதியினர் அல்லாதவர் அதை வாங்குவது சட்டப்படி செல்லாது. செல்லாது என்பதோடு முடிந்துவிடவில்லை. அந்த மக்களிடமிருந்து ஏற்கெனவே பறிபோன நிலத்தின் மேல் இன்னொரு வீடு எழும்ப நாம் காரணமாகக் கூடாது.

வரப்போகும் திட்டங்களைக் காட்டி விலையை ஏற்றுவது இந்தப் பகுதியில் அன்றாடம் நடக்கிறது. பரந்தூர் விமான நிலையம் 2022இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள விளம்பரங்களில் அதன் பெயர் இல்லாத இடமே இல்லை. அதே வேளையில் திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் தங்கள் வயல்களுக்காகப் போராடி வருகிறார்கள். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை செல்லும் சென்னை எல்லைச் சுற்றுச்சாலை திருவள்ளூர், திருப்பெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக அமைகிறது. நீங்கள் பார்க்கும் சர்வே எண் இப்படிப்பட்ட கையகப்படுத்தலில் வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். திட்டம் நிறைவேறினால் கிடைக்கும் லாபத்தை விலையோடு சேர்த்துத் தராதீர்கள். இன்றைய ஊர் இன்றைய நிலையில் தரும் வாழ்க்கைக்கு மட்டுமே பணம் கொடுங்கள்.

பதிவுச் செலவையும் முன்பே ஒதுக்கி வையுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு.

ஒன்பதாம் படி: குடிபெயர்தல்

பள்ளி மாற்றம் சிக்கலின்றி முடிய, ஏப்ரல் இறுதித் தேர்வுக்குப் பிறகும் ஜூன் திறப்புக்கு முன்பும் வீடு மாறுவதே வசதி. மாறிய முதல் மாதத்திலேயே குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் பட்டியல், எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் முகவரியை மாற்றிவிடுங்கள். சொந்த வீடு என்றால் பட்டா, சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு ஆகிய நான்கும் உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். பத்திரம் பதிவானவுடன் இவை தாமாக மாறிவிடும் என்று எண்ணிப் பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதைச் சென்னையிலேயே இருக்கட்டும் என்று தள்ளிப்போடுபவர்கள் மிகுதி. ஏரிக்கரையைக் காப்பதும் தெருவிளக்கு எரிவதும் நகர்மன்ற உறுப்பினரின் கையில் இருக்கும் ஊரில், அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.